இடது கையில் திராட்சைக் கத்தரி

பாரிஸ்,
செப்டம்பர்

அன்பும் மரியாதையும் உள்ள நஜ்லா அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கண்ணும் கையும் இன்னும் சொன்னபடி கேட்கின்றன.

நம் லெபனானுக்காக இங்கே அச்சாகும் திராட்சை அறுவடைத் தபால்தலையை நான்தான் செதுக்குகிறேன். எஃகுத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். அதற்காகப் படத்தைக் கண்ணாடியில் பார்த்தே செதுக்குவோம். இந்த முறை கண்ணாடி வைக்க மறந்தேன். ஏன் என்று கேட்காதே. சோதனை அச்சில் திராட்சைக்காரி கத்தரியை இடது கையில் பிடித்திருந்தாள்.

பட்டறைத் தலைவர் மொரேல் சிரித்தார்.

"என்ன மேடம், உங்க ஊர்ல எல்லாரும் இடது கையாலதான் அறுப்பாங்களா?"

பிழை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"எல்லாரும் இல்லை. எங்க அக்கா அறுப்பா."

"அப்போ போட்டோ காட்டுங்க, விட்டுடறேன். இல்லைன்னா புதுத் தகடுதான்."

புதுத் தகட்டை இந்த வயதில் எனக்குத் தரமாட்டார். இளையவர் யாரிடமாவது போய்விடும்.

ஆகவே திராட்சைக் கொடியடியில் நின்று, கத்தரியை இடது கையில் பிடித்து, ஒரு போட்டோ எடுத்து உடனே அனுப்பு. கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரம்படி வாங்கியும் மாறாத கை அது. இனி நாடு முழுக்கக் கடித உறைகளில் போகட்டும். கூடவே ரொட்டியில் தூவிக்கொள்ளக் கொஞ்சம் நம்மூர் ஸாத்தர் மூலிகைப் பொடியும் வை. இங்கே விற்பது வெறும் தூசி.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கை தெரிந்தால் போதும் என்கிறார் மொரேல். நீ முகமும் தெரியும்படி எடுக்கச் சொல்.

உன் தங்கை,
ஒதெத்