குடைக்குள் இருந்தது நான்தான்

நம் படம் இருந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளைக்கார ஜோடி உட்கார்ந்திருக்கிறது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் போன மாசம் பார்த்தேன். யாரோ ஒருத்தி புருஷனை விட்டு ஓடிப்போன செய்தி. அதற்கு மேலே எந்த நாட்டுக் கடற்கரையோ, ஒரு சிவப்புக் குடை, இரண்டு மஞ்சள் தலைகள். கீழே பொடி எழுத்தில் 'மாதிரிப் படம்'. இத்தனை வருஷமும் அந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் நீ. நீ செத்த பிறகுதான் உன்னை அங்கிருந்து இறக்கிவிட அவர்களுக்கு மனசு வந்திருக்கிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன், அழுதுவிட்டு வந்தேன்.

அந்த நாளை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்? நமக்குக் கல்யாணமான வருஷம். மறைமலைநகர் கம்பெனியில் எனக்கு லீவு. மாமல்லபுரத்தில் மணலில் உட்கார்ந்ததும் தூறல். பெரிய கறுப்புக் குடை, என் அப்பாவுடையது, அதை முதுகுப் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தேன். திடீரென்று நீ என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாய்.

"அசையாதீங்க. கம்மல் திருகு உங்க காலர்ல வுழுந்துடிச்சு."

"கூசுதுடி!"

"ஐயே, சும்மா இருங்க. தங்கம் அது!"

நான் நெளிய நெளிய உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு ஆள் கேமராவோடு நின்றான். அலையை எடுக்கிறான் என்று நினைத்தோம். திருகு கிடைக்கவே இல்லை. காதில் துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாய்.

இரண்டொரு நாளில் பேப்பரில் வந்தது: கடற்கரையில் எல்லை மீறும் காதலர்கள். சிரிக்கிற உன் முகம் பளிச்சென்று தெரிந்தது. என்னைக் குடை மறைத்துவிட்டது, ஒரு முழங்கை மட்டும்தான் மிச்சம். உன் நைனா செய்யூரிலிருந்து பேப்பரும் கையுமாக ஓடி வந்தார். "மாப்ள, இது நீங்கதானே?" என்று கேட்டு, நான் ஆமாம் என்றதும் மூச்சு விட்டார். எல்லோரும் சிரித்தோம். "தாலி கட்டினவன் கழுத்தப் புடிச்சா இவனுக்கு இன்னாவாம்?" என்று சொல்லி, நீ அதை வெந்நீர் அடுப்பில் போட்டாய்.

பேப்பர் என்றால் மறுநாள் போண்டா மடிக்கப் போய்விடும். அத்தோடு தீர்ந்தது என்றுதான் இருந்தோம். சில வருஷம் கழித்து அந்தப் பேப்பர்க்காரர்கள் இன்டர்நெட்டில் செய்தி போட ஆரம்பித்தார்கள். நம் படத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். கள்ளக்காதல் என்றால் நீ. வீட்டைவிட்டு ஓட்டம் என்றால் நீ. லாட்ஜில் சிக்கிய ஜோடி என்றாலும் நீதான். அதை இன்னும் நாலு பேர் சுட்டுத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். 'மாதிரிப் படம்' என்ற பொடி எழுத்தை எந்தப் பாவி படித்தான்?

கம்பெனி பஸ்ஸில் ஒருவன் என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "மச்சான், நீ பெரிய மனுசன்டா. எவனோ ஒருத்தன நான்தான்னு சொல்லிக்கினு கீற." அவன் சட்டையைப் பிடித்தேன். பிடித்து என்ன செய்ய? குடைக்குள் இருந்தது நான்தான் என்று ஊர் ஊராகத் தண்டோரா போடவா? உன் தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். நான் முழங்கையைக் காட்டிச் சத்தியம் செய்தேன். காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். நீ அடுக்களையிலிருந்து வெளியே வரவேயில்லை.

அதற்குப் பிறகு நீ என் பக்கத்தில் நடக்கவில்லை. தெருவில் பின்தங்கியே வந்தாய். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் முன்னால் பெண்களோடு போய் நின்றாய். மனசு மாறட்டும் என்று ஒரு மார்கழியில் வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போனேன். ஏரிக்கரையில் நீள லென்ஸோடு ஒருவன் நின்றதைப் பார்த்ததும் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாய்.

"பறவையத்தாம்மா எடுக்கறான்."

"அன்னிக்கும் அலையத்தான் எடுக்கறான்னு நெனைச்சோம்."

ஒரு கொக்கைக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்குத் திரும்பினோம்.

அந்தப் பேப்பர் ஆபீஸுக்கு நான் எத்தனை முறை அலைந்தேன் என்று உனக்குத் தெரியும். கல்யாண ஆல்பத்தைக்கூட எடுத்துப்போய்க் காட்டினேன். "சார், மாதிரின்னு போட்ருக்கோமே, இன்னா பேஜாரு ஒங்களோட?" என்று அங்கிருந்தவன் அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்தால் நீ முகத்தைத்தான் பார்ப்பாய். "எடுத்துட்டாங்களா?" அந்த ஒரு கேள்விதான். காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமல் போகும்வரை அதே கேள்வி.

மாலை போட உன் படம் தேவைப்பட்டது. அந்தப் படம் வந்ததிலிருந்து, வாக்காளர் அட்டைக்குத் தவிர, நீ எந்தக் கேமரா முன்னாலும் நின்றதில்லை. கல்யாண ஆல்பத்தில் தலை குனிந்தே இருக்கிறாய். வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். யாரோ திட்டி முடித்த மாதிரி ஒரு முகம். அது நீ இல்லை. நீ சிரிக்கிற படம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தப் படத்தைக் கேட்டு மறுபடி அந்த ஆபீஸுக்கே போனேன். இந்த முறை மரியாதையாக நாற்காலி போட்டார்கள். "சிஸ்டம் மாத்திட்டோம் சார், பழசெல்லாம் போச்சு. இப்பல்லாம் வெளிநாட்டுப் படம்தான் வாங்கிப் போடறோம். அவங்க யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. நீங்கதானே சார் எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கினே இருந்தீங்க?" என்றான். நான்தான் கேட்டேன். நாம்தான் கேட்டோம். நாசமாய்ப் போக!

சுட்டவர்கள் யாரிடமாவது மிச்சம் இருக்காதா என்று தினமும் ஷிப்ட் முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போகிறேன். உன் பெயரை அடித்துப் பார்த்தேன். யார் யாரோ வருகிறார்கள், நீ வருவதில்லை. உன்னை அவர்கள் எந்தச் சொற்களுக்குக் கீழே வைத்தார்களோ, அவற்றை அடித்தால்தான் ஏதாவது தேறும். கடைக்காரன் இன்று என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, லேடீஸ்லாம் வர்ற எடம். வயசுக்குத் தக்க இரு" என்றான். என் பொண்டாட்டியைத் தேடுகிறேன் என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் விரல்கள் தேடின இடம் இன்னும் என் கழுத்தில் கூசுகிறது. "அசையாதீங்க" என்று காதில் கேட்கிறது. அது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது, அதற்குப் படம் இல்லை. கோவிச்சுக்காதேம்மா. நாளைக்கு வேறு கடைக்குப் போவேன். நீ காதைப் பொத்திக்கொண்ட அந்தச் சொற்களையே மறுபடி அடிப்பேன். உன் சிரிப்பைத் தேட எனக்கு வேறு சொல் தெரியவில்லை.