வடக்குச் சரிவின் பன்னிரண்டு கம்பிகள்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். உன் நலத்தை நான் கேட்கப் போவதில்லை, போன செவ்வாய்க்கிழமை சமுதாயக் கூடத்தில் ஊரைக் கூட்டி உட்கார வைத்து அதை நாற்பது பக்கத்துக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். மூடிய சுரங்கத்தின் மண்மேட்டில் செடிகொடி எவ்வளவு தேறியிருக்கிறது என்று உன் அலுவலகம் எழுதிய அறிக்கை, கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் போட்ட மாதிரியே கடைசி எழுத்தின் வாலை இழுத்து விட்டிருந்தாய், அதனால் வேறு யாரோ போட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கு பசுமை திரும்பிவிட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரி, உங்கள் பையன் எழுதியதா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். அடுத்த பக்கத்திலேயே என் மூக்கை அறுத்துவிட்டாய்.

மேட்டில் எண் போட்டு நட்ட கம்பிகள் மொத்தம் ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு கம்பியருகிலும் ஒரு மீட்டர் இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் உயிரோடு நிற்கும் செடி எத்தனை, பட்டுப்போனது எத்தனை என்று மண்டியிட்டு எண்ணுவதுதான் ஒன்பது வருடமாக என் வேலை என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உன் அறிக்கையில் நாற்பது கம்பிகள்தான் இருக்கின்றன. வடக்குச் சரிவின் பன்னிரண்டும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நீ எழுதியதை கூடத்தில் அறிக்கையைப் படித்த குமாஸ்தா இரண்டு தடவை படித்தார், ஏற இயலாத இடம் என்று களப்பணியாளர் தெரிவித்ததால் சேர்க்கப்படவில்லை என்று. அந்தக் களப்பணியாளர் யார், நான்தானே. எப்போது தெரிவித்தேன் என்று கூடத்திலேயே யோசித்து யோசித்து, வீடு திரும்பும் வழியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரும்போதுதான் நினைவு வந்தது. இரண்டு மாதம் முன்பு நீயாகப் போன் செய்தாய். அம்மா முட்டி எப்படி இருக்கிறது என்று அதிசயமாகக் கேட்டாய், நானும் குளிர்ந்துபோய், "அந்தச் சரிவுக்கு ஆடுகூட ஏறாதுடா, என் முட்டி போயே போச்சு" என்று புலம்பினேன். வெந்நீர் ஒத்தடம் கொடு என்றாய். பெற்ற பிள்ளையிடம் நோவைச் சொல்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நீ வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாய். வாயை அடக்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று மட்டும் நீ சொல்லாதே. கல்லூரி விடுமுறையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நீயே என்னோடு அங்கே ஏறியிருக்கிறாய், நாற்பத்தேழாம் கம்பியில் வழுக்கி விழுந்த தழும்பு இன்னும் உன் முழங்கையில் இருக்கிறது, சட்டையை மடித்துப் பார்.

இந்த முட்டியோடு நேற்று மறுபடி ஏறினேன். சட்டத்தை உன் அப்பா தூக்கி வந்தார். பன்னிரண்டில் ஒன்பது சட்டத்துக்குள் உயிருள்ளது ஒன்றுமில்லை, கன்றுகள் செத்து, அவற்றில் கட்டியிருந்த தகரச் சீட்டுகள் மட்டும் கிடக்கின்றன. மீதி மூன்றில் சுரங்க நிறுவனத்து ஆட்கள் தண்ணீரோடு விதை கலந்து பீய்ச்சியடித்துவிட்டுப் போன அந்தப் புல். வானத்திலிருந்து படம் எடுத்தால் அது பச்சையாகத் தெரியும், நான் இரண்டு விரலால் இழுத்தேன், பாயைச் சுருட்டுவது மாதிரி மண்ணை விட்டுக் கழன்று வந்தது. ஐம்பதாம் கம்பிக்கு மேலே ஒரு வெடிப்பு இருக்கிறது, கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. அந்த மேட்டில் இருபத்திரண்டு வருடம் லாரி லாரியாக மண் கொட்டியவர் உன் அப்பா, பேசவே மாட்டார் என்று உனக்குத் தெரியும். வெடிப்பில் தானும் கையை விட்டுப் பார்த்தார். பிறகு, "கொட்டினது நான், எண்ணுறது நீ, மூடி மறைக்கிறது அவன்" என்றார். சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மேட்டுப் பொறுப்பிலிருந்து நிறுவனத்தை விடுவிக்கலாமா என்று வரும் பத்தொன்பதாம் தேதி விசாரணை. அன்றைக்கு உன் அறிக்கையை ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கை கழுவிவிட்டுப் போய்விடும், சரிவின் அடியில் இருக்கும் வாய்க்காலை வாரா வாரம் தூர்வார ஆள் வராது. அதற்குக் கீழே இருப்பது நம் வீட்டு வரிசை என்பது உன் அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. வாய்க்கால் சுத்தமாக இருந்தபோதே போன மழைக்குச் சேறு உன் தங்கை அறையின் கதவுக்கு அடியில் வந்து நின்றது, அவளுடைய பத்து மாதப் பாப்பா அதில் தவழ்ந்து விளையாடியது. உன் தங்கை உன்மேல் கோபப்படக்கூட இல்லை, அண்ணனுக்கு மேலிடத்தில் என்ன நெருக்கடியோ என்கிறாள். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை. எனக்கு வயிறு எரிகிறது. பன்னிரண்டு கம்பியின் எண்ணிக்கையையும் இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், விசாரணை அதிகாரிக்கும் ஒரு பிரதி கொடுத்தாயிற்று. நீ முன்னாலேயே திருத்தி எழுதி அனுப்பினால் உன் மரியாதை உனக்கு. இல்லையென்றால் நேரில் வந்து, என் முகத்தைப் பார்த்து, இவளால் ஏற முடியாது என்று சொல்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நன்றாக இரு என்று வாழ்த்தாமல் கடிதத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை, அதனால் நன்றாக இரு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வருவதாக இருந்தால் மழைக்கு முன்னால் வராதே, மழையில் வா. பாப்பாவின் தொட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டோம். அது இருந்த இடத்தில், சரிவுப் பக்கத்துச் சுவரோரமாக, உனக்குக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். உன் அறிக்கை சரிதான் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்படிக்கு,
ஏற இயலாது என்று உன்னிடம் தெரிவித்த களப்பணியாளர்,
உன் அம்மா