அலைக்கு முந்திய அடி

செவ்வாய்க்கிழமை, இரவு

பாலர் பாடசாலையில் மகளுக்கு ஒரு நண்டுப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நண்டுகள் கடல் பார்க்கப் போகின்றன. முதல் நண்டை அலை கொண்டுபோகிறது, அடுத்ததைக் கொக்குத் தூக்குகிறது. மிச்ச நண்டுகள் தேடுவதுமில்லை, அழுவதுமில்லை. கைதட்டிவிட்டு நடக்கின்றன.

மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு சோறு ஊட்டும்போது மகளிடமே கேட்டேன். "போன நண்டை ஏன் மகள் ஒருத்தரும் தேடல்ல? பொலிசில ஒரு என்ட்ரியாவது போட்டிருக்கலாமே?"

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்: "சோத்தைத் தீத்துங்க எண்டா, நண்டுக்கு வழக்குப் பேசுறீங்க."

சிரித்துக்கொண்டுதான் பாடத் தொடங்கினேன். அலை வரும் அடியில் வாய் ஓடவில்லை. சுனாமியன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய தங்கச்சிக்கு ஆறு வயது. யார் கையை யார் விட்டது என்று உம்மா இன்றுவரை கேட்கவில்லை. வீட்டில் ஒருவருமே கேட்கவில்லை.

மகள் என் முகத்தையே பார்த்தாள். "பயப்பிடாதீங்க வாப்பா. பாட்டு முடிஞ்சோண்ண திரும்ப முதல்ல இருந்து பாடணும். அப்ப அஞ்சு நண்டும் வந்திரும்."

பாடினோம். ஐந்தும் வந்தன. சோற்றுக் கோப்பை காலியாகும்வரை போய்ப் போய் வந்தன.

மகள் உறங்கிய பிறகு தனியாக ஒருமுறை தொடங்கினேன். ஐந்து நண்டும் கரைக்கு வந்துவிட்டன. அடுத்தது அலை. அதைப் பாடாமல் வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தும் அங்கேயே நிற்கட்டும்.