சிவப்பு மையில் மூன்று வட்டங்கள்

அன்புள்ளவளுக்கு,

"இங்கிலீஷ்ல வினைச்சொல் எங்கேங்க வரும்?" என்று நீ ஒருமுறை கேட்டாய். விடைத்தாள்களிலிருந்து தலை நிமிராமலே, "அதைப் படிச்சு யாரை மிரட்டப் போறே?" என்றேன். நீயும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய்.

நீ ஆங்கிலம் படிக்க மாலை வகுப்புக்குப் போனதே எனக்குத் தெரியாது. போன வாரம் மேசையில் கிடந்த நோட்டைத் திறந்தேன். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. 'என் கணவர் ஆசிரியர். எல்லாருக்கும் சொல்லித்தருகிறார். எனக்குச் சொல்லித்தரவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். வரிக்கு ஒரு பிழையை வட்டமிட்டு, பத்துக்கு நாலு போட்டு மூடி வைத்தேன்.

மறுநாள் உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது, "மார்க் பார்த்தேங்க" என்று மட்டும் சொன்னாய். நீ என்ன எழுதியிருந்தாய் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

'நான் கடிதம் எழுதுகிறேன்' என்பதில் நமக்கு 'எழுதுகிறேன்' கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அது 'நான்' முடிந்த கையோடு வந்துவிடும், கடிதம் அப்புறம்தான். இவ்வளவுதான் பதில். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நோட்டையும் என் சிவப்புப் பேனாவையும் சேர்த்தே அனுப்புகிறேன். பேனா இனி உன்னிடமே இருக்கட்டும். அடுத்த பக்கத்தில் என்னைப் பற்றி இன்னும் மூன்று வரி, பிழைக்குப் பயப்படாமல் எழுதிப் பார்.

உன் கணவன்