மஞ்சள் முக்கோணம்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் மஞ்சள் முக்கோணம். காலை ஒன்பதுக்கு மடிக்கணினியைத் திறந்தேன். வைஃபை கோடுகள் எல்லாம் ஒழுங்காக நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் மேல் அந்த முக்கோணம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. இணைப்பு உண்டாம், ஆனால் வரம்புக்குட்பட்டதாம். வரம்பு என்றால் எவ்வளவு? ஒரு கடிதம் போகவில்லை, ஒன்றும் வரவில்லை. ஒன்றுமே இல்லாததற்கு வரம்பு என்று பெயர் வைத்தவரை எந்தப் பள்ளியில் படிக்க வைத்தார்களோ.

மூன்றாம் வகுப்பு அறிவியல் பாடநூலைப் பதிப்பகம் பகுதி பகுதியாக மின்னஞ்சலில் அனுப்புகிறது. பிழை திருத்தி இரண்டு நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். முப்பது வருடமாக நான் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை.

பதினொன்றரைக்கு மறுபடி திறந்தபோது ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

மார்ச் 5, புதன்

இன்று குறையில்லை. ஒன்பது முதல் ஒன்று வரை முப்பத்திரண்டு பக்கம்.

நாத்தனார் ஏழுக்கே தோள்பட்டைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். புதன்கிழமைதோறும் போகிறாள். வீடு அமைதியாக இருந்தது.

அவள் இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. காலமான என் கணவரின் ஒரே தங்கை. அறுபத்தெட்டு வயது, குடும்பத்தில் இன்னும் ‘பாப்பா’ என்றுதான் பெயர். நான் அப்படிக் கூப்பிடுவதில்லை. விழுந்து தோள் எலும்பு முறிந்தது, தனியாக இருக்க முடியவில்லை, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ‘கொஞ்ச நாளைக்கு’ என்று வந்தாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

முக்கோணம். இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தேன். இருபது நிமிடம் சங்கீதம் கேட்க வைத்துவிட்டு ஒருவர் வந்தார்.

“மேடம், மோடத்த ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“அத நான் ஆறு வருஷமா தினமும் ராத்திரி ஒம்பது மணிக்கு ஆஃப் பண்றேன். உங்க ஆபீஸ்ல யாராவது அவ்வளவு ஒழுங்கா இருக்காங்களா?”

அவர் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “லைன் நல்லா இருக்கு மேடம். உங்க சிஸ்டத்துலதான் ப்ராப்ளம்” என்று வைத்துவிட்டார்.

அறையை விட்டுக் கடைசியாக வெளியே போகிறவள் விளக்கை அணைக்க வேண்டும் என்று கான்வென்டில் பழக்கினார்கள். மோடத்துக்கும் அதே விதி. முன்பெல்லாம் மறுநாள் ஒன்பதுக்கு வேலைக்கு உட்காரும்போது நானேதான் அதைப் போடுவேன். இப்போது நாத்தனார் ஐந்துக்கே எழுந்து போட்டுவிட்டுத் தன் போனில் பாட்டுக் கேட்கிறாள். என்னுடையது பட்டன் போன். அது பேசும், அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

ஒழுங்கு. நாத்தனார் ஆஸ்பத்திரியில்.

இது தற்செயலா? இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு இன்று முதல் குறிக்கப்போகிறேன். நாள், மணி, முக்கோணம் உண்டா, அவள் வீட்டில் இருந்தாளா. ஞாபகத்தில் இருக்கும் பழைய நாட்களையும் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

முக்கோணம். அதோடு வழக்கம்போல் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி துள்ளி வந்தது. மூடினேன். இந்த மடிக்கணினியை வாங்கியவர் என் கணவர், அன்றே சொல்லித் தந்தார் — “மூலையில என்ன குதிச்சு வந்தாலும் பெருக்கல் குறிய அமுக்கு. படிக்காத. படிச்சா மாட்டிக்குவே.” பதினோரு வருடமாக அமுக்குகிறேன்.

நாத்தனார் காபியோடு பின்னால் வந்து நின்றிருக்கிறாள். கவனிக்கவில்லை.

“என்ன அண்ணி, கொசு அடிக்கிற மாதிரி பட்டுனு அடிக்கிறீங்க! என்ன எழுதியிருக்குன்னு பாக்க வேணாமா?”

“எல்லாம் விளம்பரம்.”

“விளம்பரம்னா பளபளன்னு இருக்கும். இது சாதுவா இருக்கே.”

விரலைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

“தொடாத. அது அவரோட மெஷின்.”

“எனக்கு அவன் அண்ணன்” என்று சொல்லிவிட்டுக் காபியை வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 17, திங்கள்

மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி இரண்டு தெரு தள்ளி இருக்கும் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரி ஐம்பது வயதுப் பெண், கொண்டையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். திறந்தாள். கடையின் வைஃபையில் சேர்த்தாள். முக்கோணம் இல்லை. எல்லாம் வந்தது, என் மின்னஞ்சல் உட்பட.

“நல்லாத்தானே ஓடுது. இது மாதிரி பழுதில்லாத பழுது நாலு வந்தா நான் கடைய மூட வேண்டியதுதான்.”

“வீட்ல ஓடல.”

“அப்ப வீட்டக் கொண்டாங்க, பாக்கறேன்.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பேட்டரி மட்டும் செத்துப்போயிருக்கிறது, இந்த மாடலுக்குச் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும் என்றாள். சொல்லிவைக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். முக்கோணம். கூடத்தில் நாத்தனார், கையில் போன்.

மார்ச் 19, புதன்

ஒழுங்கு. சொல்ல வேண்டுமா, புதன்.

கட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். நாத்தனார் வெளியே போயிருந்தது எட்டு முறை, எட்டும் ஒழுங்கு. வீட்டில் இருந்தது பதினொரு முறை, ஒன்பதில் முக்கோணம். கட்டத்தின் முதல் நாள், செவ்வாய், பதினொன்றரைக்குச் சரியானதே, அப்போது அவள் காய்கறிக் கடையில் இருந்தாள். என் கணக்கு டீச்சர் இதை நிரூபணம் என்று ஒப்புக்கொண்டிருப்பார்.

மார்ச் 20, வியாழன்

பதிப்பகத்திலிருந்து அனுப்பிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறது. நான் நேற்றுத்தான் பார்த்தேன். ‘உங்களுக்குச் சிரமமாக இருந்தால் மீதிப் பாடங்களை வேறொருவரிடம் கொடுக்கிறோம்’ என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். சிரமம்! எனக்கு!

நேரே கூடத்துக்குப் போனேன். கட்டத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள்.

“எம் பேர்ல அட்டவணை போட்டிருக்கீங்களா அண்ணி?”

“உன் போன் இந்த வீட்ல இருக்கிற வரைக்கும் என் வேல நடக்காது.”

“போன் இருக்கிற வரைக்குமா, நான் இருக்கிற வரைக்குமா?”

நான் பதில் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டைரியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

நாத்தனார் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பை. ஆட்டோ வாசலில் நின்றபோது, “பால் அடுப்புல இருக்கு, பொங்கிடப்போகுது” என்றாள். வேறொன்றும் இல்லை.

மகள் வீடு ஓர் அறையும் ஒரு கூடமும். இரண்டு பேரப்பிள்ளைகள். கூடத்தில் மடக்குக் கட்டில். அந்தத் தோளோடு அதில் எப்படிப் படுப்பாள்? அவள் மகள் பார்த்துக்கொள்வாள்.

மார்ச் 22, சனி

ஒழுங்கு.

மார்ச் 24, திங்கள்

ஒழுங்கு. பதிப்பகத்துக்கு ஒரு நாள் முன்பாகவே அனுப்பினேன்.

மார்ச் 26, புதன்

ஒழுங்கு. நான் சொன்னது சரி. சரிதானே? யாரிடம் சொல்வது.

மார்ச் 29, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு ரிப்பேர் கடைக்காரி பேட்டரியோடு வந்தாள். இந்தப் பக்கம் வேறு வேலையாம். மோடத்தை அப்போதுதான் போட்டேன். மாடலைச் சரிபார்க்க வேண்டும் என்று வைஃபை கடவுச்சொல் கேட்டாள், கொடுத்தேன். தன் போனைச் சேர்த்துக்கொண்டாள். பேட்டரியை மாட்டி மடிக்கணினியைத் திறந்தாள்.

மஞ்சள் முக்கோணம்.

நாத்தனார் வீட்டில் இல்லை. அவள் போனும் இல்லை. மூலையில் பெட்டி துள்ளியது. கை தானாகப் பெருக்கல் குறிக்குப் போனது. கடைக்காரி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அய்யய்யோ, மூடாதீங்கம்மா! அதான் சொல்லுதே!”

ஆங்கிலத்தில் இரண்டு வரி. இதே எண் இந்த வீட்டில் வேறொரு கருவிக்கும் இருக்கிறது, அதனால் சேர முடியவில்லை என்று எழுதியிருந்தது. எளிய வாக்கியம். ஒரு பிழை இல்லை.

அவள் விளக்கினாள். மோடம் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் தருகிறது. முதலில் வந்து கேட்பதற்கு முதல் எண். அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து தருகிறது. இந்த மடிக்கணினி மட்டும் கேட்பதே இல்லை. என் கணவர் பிரிண்டருக்காக எப்போதோ அந்த முதல் எண்ணையே அதற்கு நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டார். வீட்டில் வேறு எதுவும் இல்லாதவரை சண்டை இல்லை. நாத்தனாரின் போன் ஐந்து மணிக்கே எழுந்து அந்த எண்ணை வாங்கிக்கொண்டது. இன்று இவளுடைய போன்.

“கொட்டகைல ரெண்டு பேருக்கு ஒரே சீட்டு நம்பர் கொடுத்த மாதிரிதாம்மா. மொதல்ல வந்து உக்காந்தவங்கள எழுப்பவா முடியும்? அவங்க மேல என்ன தப்பு?”

‘எண்ணைத் தானாகப் பெறுக’ என்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். முக்கோணம் போய்விட்டது. இரண்டும் ஓடின. நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

அவள் போன பிறகு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் வந்த பிறகுதான் பழுது வந்தது, அது உண்மை. அவள் ஒன்றும் செய்யவில்லை, அதுவும் உண்மை. என் கட்டம் முதலாவதை மட்டும் நிரூபித்தது. இரண்டாவதற்கு அந்தப் பெட்டியைப் படித்திருந்தால் போதும். படிங்க என்று சொன்னாளே! ஊரார் எழுதியதில் எல்லாம் குற்றம் பார்க்கிறவள் இரண்டு வரி படிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நாத்தனாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் படி: ‘கணினியில் ஏற்பட்ட குழப்பத்தால்’. கணினிக்கு ஒரு குழப்பமும் இல்லை. அடித்தேன்.

இரண்டாம் படி: ‘தவறு நடந்துவிட்டது’. யார் செய்தது? வேறொருவர் எழுதியிருந்தால் சிவப்பில் சுழித்திருப்பேன். அடித்தேன்.

மூன்றாம் படி இரண்டு பக்கம். பாதிக்கு மேல் என் கணவரைப் பற்றி. கிழித்தேன்.

ச்சே. எழுபத்து நாலு வயசாச்சு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எழுத வரமாட்டேங்குதே.

ஏப்ரல் 2, புதன்

எழுத வராததைச் சொல்லிவிடுவது என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயிற்சி அறையில் சுவரோரம் நின்று கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டு. என்னைப் பார்த்தும் எண்ணுவதை நிறுத்தவில்லை. இருபதுக்குப் பிறகுதான் திரும்பினாள்.

“என்ன அண்ணி, உங்களுக்கும் தோள் போச்சா?”

“இல்ல. தப்பு என் மேல. மெஷின்ல ஒரு நம்பர் தப்பா இருந்திருக்கு, நீ ஒண்ணும் பண்ணல. நீ படிக்கச் சொன்னே, நான் படிக்கல. மன்னிச்சிடு.”

பக்கத்துக் கயிற்றில் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மெஷின் கத கெடக்கட்டும். அன்னிக்கு நான் ஒண்ணு கேட்டேனே. போனா, நானான்னு.”

பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். பொருத்தமாகவும்.

“அன்னிக்கு, நீயும்தான்” என்றேன். “நாலு மாசமா என் வீட்ல எனக்கு முன்னாடி யாரோ எழுந்துக்கிறது பிடிக்கல. இப்ப ஒம்போது மணி வரைக்கும் வீட்ல சத்தமே இல்ல. அதுவும் பிடிக்கல.”

அவள் கயிற்றை விட்டுவிட்டாள்.

“அண்ணன் சொல்வான், உங்க அண்ணிக்குப் பொய் சொல்ல வராது, அவகிட்ட இருக்கிற பெரிய கஷ்டமே அதுதான்னு.”

“வந்துடு.”

“கொஞ்ச நாளைக்குன்னா வரமாட்டேன் அண்ணி. இந்த வயசுல என்னால மூட்டைய கட்டிக் கட்டி அவுக்க முடியாது.”

“கொஞ்ச நாளைக்குன்னு நான் சொல்லல.”

“எவ்வளவு நாளைக்குன்னும் சொல்லல.”

“இருக்கிற வரைக்கும்” என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. பயிற்சி கொடுக்கும் பெண் உதட்டில் விரல் வைத்தாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் நாத்தனார். இன்னும் இருபது இழுக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

தகவல் இல்லை. மடிக்கணினி ஒழுங்கு. அதைக் குறிப்பதை இன்றோடு நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பத்தேகாலுக்கு ஆட்டோ. போனபோது இரண்டு பை. வந்தபோது ஐந்து, ஒரு தையல் மெஷின், சுருட்டிய மெத்தை. மெஷினை எங்கே வைப்பது என்று கேட்டாள். ஜன்னலோரம் என் நாற்காலி இருந்த இடம்தான் வெளிச்சம். நாற்காலியை நகர்த்தினோம். அவளால் ஒரு கைதான் முடியும், எனக்கு முதுகு. அரை மணி நேரம் ஆனது. ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே நகர்த்தினோம்.

ஏப்ரல் 17, வியாழன்

கடைசிப் பாடம் முடிந்தது. இருமுறை படித்து, மூன்றாம் முறை கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்து, அனுப்பப் போனேன். பாப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகச் சொல்லவில்லை.

“எறும்புக்கு எட்டுக் காலா அண்ணி?”

“ஆறு. ஆறுன்னுதானே போட்டிருக்கு, இதோ பாரு.”

“எழுத்துல ஆறுதான். படத்த எண்ணுங்க.”

நான் படங்களைப் பார்ப்பதில்லை. முப்பது வருடமாக எழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்து எண்ணினேன்.

எட்டு.

பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். கண்டுபிடித்தது யார் என்பதையும். இனி படங்களையும் பார்க்க இந்த வீட்டில் ஆள் உண்டு என்று சொல்லி, பழைய பாடங்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.