முட்டை ஓடும் உங்கள் ரோடோடென்ட்ரானும்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், அக்கா. எனக்குச் சாதகமாக ஒரு வரியைக்கூட வளைக்க மாட்டேன்.

நேற்று மாலை அம்மா முட்டை உரித்தாள். "இந்த ஓட்ட நொறுக்கி ரோஜா தொட்டில போடு" என்று என் கையில் கொடுத்தாள். நான் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன். ஒரு எழுத்தும் ஓடவில்லை.

எங்கள் மாடி அறைக்குக் குடிவந்த வருடம், தீபாவளி முடிந்து கொடைக்கானல் மலையிலிருந்து நீங்கள் ஒரு பெயிண்ட் வாளியோடு திரும்பினீர்கள். அதற்குள் என் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு செடி. உங்கள் ஊர்க் காட்டுப் பூவரசு மரத்தின் இனம், இது குட்டை வகை என்றீர்கள். பள்ளி நூலகத்தில் தேடி அதன் பெயர் ரோடோடென்ட்ரான் என்று நான் வந்து சொன்னபோது, "செடியக் காட்டிலும் பேரு ஒசரமா இருக்கே பாப்பா!" என்று சிரித்தீர்கள்.

போர் தண்ணீர் உப்பு என்று, பின்வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊற்றுவீர்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும், கழுத்து ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி நிழலில் அதன் முன் குந்திக்கொள்வீர்கள்.

தை மாதம் உங்கள் அப்பாவின் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போனீர்கள். செடியில் ஒரே ஒரு மொட்டு இருந்தது. "ஏசி தண்ணி மட்டும் ஊத்து. வேர் மேலாக்கத்தான் கெடக்கும், கிண்டிராத. வேற ஒண்ணும் போட வேணாம், என்ன?"

தலையாட்டினேன். ஆனால் முட்டை ஓடு நல்ல உரம் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். நீங்கள் வரும்போது பூ விரிந்திருக்க வேண்டும், அது என்னால் என்று நீங்கள் சொல்லவேண்டும். ஓட்டைப் பொடித்து, மண்ணைக் கிளறிக் கலந்தேன். இலைகள் மஞ்சளாயின, நரம்பு மட்டும் பச்சை. சத்துப் போதவில்லை என்று இன்னும் போட்டேன். மொட்டு பழுப்பாகி உதிர்ந்தது. செடியும் காய்ந்தது.

நீங்கள் வருவதற்கு முதல் நாள், மேலே தெரிந்த வெள்ளைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். அறியாமல் செய்த பிழை அதுவரைக்கும்தான்.

"இங்க அடிக்கிற வெயிலுக்கு மலைச் செடி எப்டிம்மா நிக்கும்?" என்றாள் அம்மா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் ஆமாம் என்றேன்.

"என் தப்புதான்க்கா. நானே இங்க வந்து கருத்துட்டேன், அது என்ன பண்ணும்?" என்று சிரித்தபடி காய்ந்த குச்சியைத் தடவினீர்கள். பிறகு எனக்கென்று வாங்கி வந்த சாக்லேட்டைக் கொடுத்தீர்கள். நான் அதைத் தின்றேன்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பியபோது உங்கள் அறைத்தோழி இன்னொரு செடி கேட்டாள். "வேணாம்டி. ஒண்ணக் கொன்னது போதும்." படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தைப் புரட்டினேன்.

முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்பு, சுண்ணாம்பு அந்தச் செடிக்கு ஆகவே ஆகாது என்று ஆடி மாதம் படித்தேன். அதன் பிறகும் இரண்டு மாதம் நீங்கள் மாடியில்தான் இருந்தீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடலாம் என்று படியேறி, வேறு எதையோ பேசிவிட்டு இறங்கினேன். புரட்டாசியில் காய்ச்சலோடு ஊருக்குப் போனீர்கள். இறந்துவிட்டீர்கள் என்று பத்தாம் நாள் உங்கள் அறைத்தோழி வந்து சொன்னாள்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் வாய் திறந்தேன். "அம்மா, அக்கா செடி வெயில்ல சாவல. நாந்தான் முட்டை ஓடு போட்டேன்."

அம்மா பிசைந்த கையை நிறுத்தினாள். "இத்த இப்ப வந்து என்னாண்ட சொல்றியே. அந்தப் பொண்ணாண்ட யாருடி சொல்லுவா?"

உதிர்ந்த மொட்டு என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. காம்பஸ் எடுக்கும்போதெல்லாம் கையில் படும். தூக்கிப் போட மாட்டேன்.

விடிந்துகொண்டிருக்கிறது. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. உங்கள் அறைக்குப் புதிதாக வந்த அக்காக்கள் முதல் ஷிப்டுக்கு இறங்குகிறார்கள். மாடியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.