ராஜபாளையம் பஸ்ஸுக்குக் காவல்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் விட்டதா?

மில் வேலை போக, இங்கே கோவையில் ஊர்க்காவல் படையில் தொண்டு செய்கிறேன் அல்லவா? பொங்கலுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் பணி. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் ராஜபாளையம் பஸ் வந்ததும் கூட்டம் முண்டியடித்தது. நான் மறித்து நின்று, ஒரு கர்ப்பிணிப் பெண்ணை முதலில் ஏற்றினேன்.

“நீ என்ன நெச போலீசா?” என்று ஒருவர் தள்ளிவிட்டார். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

அந்தப் பெண் ஜன்னல் வழியே, “நீங்க ஊருக்கு வரலியாக்கா?” என்றாள்.

“எல்லாரும் ஏறட்டும்மா, பொறவு வாரேன்” என்றேன். பஸ் கிளம்பியதும் கண் கலங்கிவிட்டது.

இதோ, இன்றைய பரேடுக்கு விசில் ஊதிவிட்டார்கள்; முடிக்கிறேன். அடையாள அட்டைக்கு என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டுமாம். பீரோவில் இருக்கிறது. தபாலில் அனுப்பாதீர்கள், தொலைந்துவிடும். நீங்களே கொண்டு வாருங்கள்.

உங்கள்,
செல்வலட்சுமி